சுங்கச் சட்டத் தொழிலுக்கு ஐந்து வாசல்: டெல்டா பட்டதாரி எதில் நுழையலாம்?

சுவாமிமலையில் வார்த்த நடராஜர் சிலை ஒன்று அமெரிக்காவில் ஒரு கோயிலுக்குப் போக வேண்டும். பெட்டி கட்டுவதற்கு முன்பே ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்திடம் தரும் ஏற்றுமதி ஆவணத்தில், பொருளை வகைப்படுத்தும் எட்டு இலக்க எண் ஒன்றை எழுதியாக வேண்டும். அதன் முதல் நான்கு இலக்கங்களைத் தலைப்பு என்பார்கள். சாதாரண உலோகத்தில் செய்த சிலைகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் 8306 என்ற தலைப்பு இருக்கிறது. கலைஞர் படைத்த மூலச் சிற்பங்களுக்கு 9703 இருக்கிறது. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுக்கிற சிலை இது. அதே அச்சில் இன்னொன்று வராது. அப்படியென்றால் மூலச் சிற்பம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சுங்க அட்டவணையின் 97ஆம் அத்தியாயத்தின் குறிப்பு ஒன்று, வணிகத் தன்மையுள்ள மரபான கைவினைப் பொருள்களைக் கலைஞரே செய்திருந்தாலும் 9703இல் சேர்க்கக் கூடாது என்கிறது. ஸ்தபதியின் படைப்பு எந்த இடத்தில் மரபான கைவினையாகிறது? இதோடு, சிலை நூறு ஆண்டைத் தாண்டிய தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றும் கையில் இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கம் இறங்கும்போது அமெரிக்கச் சுங்கம் தன் அட்டவணையைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். முதல் ஆறு இலக்கங்கள் உலகச் சுங்க அமைப்பின் பொது அட்டவணைப்படி இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். அவற்றுக்குப் பொருள் சொல்லும்போதுதான் நாடுகள் பிரிகின்றன.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைக்கிற தொழில் ஒன்று இருக்கிறது என்பதே கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டம் முடிக்கிற பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. "கஸ்டம்ஸ்னா அரசாங்க வேலைதானே தம்பி?" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். அரசாங்க வேலையும் அதில் உண்டு. அது தவிர இன்னும் நான்கு வழிகள் உண்டு: கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம், வக்கீல் தொழில், ஆலோசனை நிறுவனம் அல்லது பெரிய கம்பெனியின் சுங்கப் பிரிவு, கடைசியாக டெல்லி, ஜெனீவா என்று போகிற பன்னாட்டு வணிகச் சட்டம். ஐந்தும் ஒரே தொழிலின் ஐந்து பக்கங்கள். ஆனால் ஒன்றில் நுழைந்து மற்றொன்றுக்கு மாறுவது எல்லாத் திசையிலும் ஒரே அளவுக்குச் சுலபமில்லை. அதனால்தான் முதல் வாசலைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

பி.காம். அல்லது பி.ஏ. முடித்தவர், குடும்பத்தில் பெரிய சேமிப்பு இல்லாதவர், ஊரில் வயதான அப்பா அம்மாவும் கொஞ்சம் நிலமும் உள்ளவர். அப்படி ஒருவரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். என் தீர்ப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் என்ற பெயர் கடைசியில் வந்தால் போதும். முதல் மூன்று நான்கு வருடங்கள் உங்கள் கையில் தினமும் என்ன காகிதம் புரளும் என்று பார்த்து வாசலைத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் அரிசித் தடை, மூன்று வேலைகள்

இந்தத் தொழிலின் அடுக்குகள் புரிய 2023ஆம் ஆண்டின் அரிசிக் கதை போதும். அந்த ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை. ஒரே வயலில் விளைந்த பொன்னி, அவித்து அரைத்தால் கப்பல் ஏறலாம், அவிக்காமல் அரைத்தால் ஏற முடியாது. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கலுக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. 2024 செப்டம்பர் 28 அன்று வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அடுத்த மாதமே புழுங்கல் வரியும் முழுதாகப் போனது.

ஜூன் மாதமே சிங்கப்பூர் வியாபாரியோடு பச்சரிசிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்ட ஒரு டெல்டா மில் முதலாளியை நினைத்துப் பாருங்கள். அறிவிப்புக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்குக்கும், சுங்கத்திடம் ஒப்படைத்துவிட்ட சரக்குக்கும் விலக்கு உண்டு. அவருடைய கன்டெய்னர் எந்தத் தேதியில், எந்த மணிக்கு, யார் கையில் இருந்தது? இதைக் காகிதத்தோடு காட்டத் தெரிந்தவர் கிளியரிங் ஏஜென்ட். விலக்கு கிடைக்க வேண்டிய சரக்கை அதிகாரி மறுத்தால் அறிவிப்பின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகிறவர் வக்கீல். இவர்கள் இருவரும் வருவதற்கு முன்பே வேலையை முடித்திருக்க வேண்டியவர் ஆலோசகர். 2022 செப்டம்பரிலேயே குருணை அரிசி ஏற்றுமதி தடைபட்டிருந்தது. அதைப் பார்த்து, அடுத்த அடி எங்கே விழலாம் என்று கணித்து, ஏற்றுமதித் தடை வந்தால் நஷ்டம் யார் தலையில் என்ற ஷரத்தை ஒப்பந்தத்தில் எழுத வைத்திருக்க வேண்டும். புதிய ஏற்றுமதி வரி வந்தால் வாங்குபவர் கட்டுவாரா விற்பவர் கட்டுவாரா என்பதையும் சேர்த்து எழுத வைத்திருக்க வேண்டும்.

மூன்றாமவரின் வேலைக்குத்தான் சம்பளமும் மரியாதையும் அதிகம். ஆனால் முதல் இருவரின் வேலை தெரியாதவர் அந்த ஷரத்தை எழுதினால், கன்டெய்னர் சிக்குகிற இடத்தில் அது உதவாது.

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம்

சட்டப்படி இவர்களுக்குச் சுங்கத் தரகர் என்று பெயர். பழைய பழக்கத்தில் சி.எச்.ஏ. என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சுங்கச் சட்டம் 1962இன் 146ஆம் பிரிவும், 2018ஆம் ஆண்டின் உரிம விதிகளும் இவர்களை ஆள்கின்றன. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் எச் கார்டு என்ற அடையாள அட்டையில் தொடங்குவார். துறை நடத்தும் தேர்வில் தேறினால் ஜி கார்டு. அதன்பிறகு சுங்க ஆவணங்களில் கையெழுத்துப் போடலாம். உரிமத்துக்கான பெரிய தேர்வில் தேறியவருக்கு எஃப் கார்டு. அந்தத் தேர்வை நாசின் என்ற தேசியப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. எழுத்துத் தேர்வு, பிறகு வாய்மொழித் தேர்வு. பட்டத்தோடு சி.ஏ., எம்.பி.ஏ., எல்.எல்.பி. போன்ற தொழில்முறைத் தகுதி அல்லது அரசு அங்கீகரித்த சுங்க டிப்ளமா இருக்க வேண்டும். அவை எதுவும் இல்லையென்றால் ஜி கார்டில் இரண்டு வருட அனுபவம் போதும்.

அந்தக் கடைசி வரிதான் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முக்கியம். வெறும் பி.காம். பட்டத்தோடு, மேற்படிப்புக்குக் கடன் வாங்காமல், சொந்த உரிமம் வரை போகிற ஒரே பாதை இது. ஐந்து லட்ச ரூபாய்க்குக் குறையாத சொத்துக் கணக்கு காட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நிலம் உள்ள குடும்பத்துக்கு அது பெரிய தடை இல்லை.

கஷ்டங்களை மறைக்கப் போவதில்லை. ஆரம்பச் சம்பளம் குறைவு. சென்னை ராஜாஜி சாலையிலோ தூத்துக்குடியிலோ கன்டெய்னர் யார்டு வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். டெமரேஜ், அதாவது சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்டும் கட்டணம், ஏறுகிற ஒவ்வொரு நாளும் இறக்குமதியாளர் போனில் கத்துவார். அதைவிடப் பெரிய ஆபத்து, இன்வாய்சில் விலையைக் குறைத்துப் போட்டு வருகிறவரின் காகிதத்தை "எல்லாரும் செய்றதுதான்" என்று தாக்கல் செய்துவிடுவது. வாடிக்கையாளர் உண்மையில் இருக்கிறாரா, சட்டத்தை மீறுகிறாரா என்று பார்ப்பது தரகரின் கடமை என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தவறினால் உரிமமே போகும். முதல் முதலாளியை நல்லவராகத் தேடுங்கள் என்று நான் சொல்வது ஒழுக்க உபதேசமாக மட்டும் இல்லை. உங்கள் கார்டு அவர் கையில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களைக் காகிதத்திலும் கண்ணாலும் பார்ப்பீர்கள். உரித்து வேகவைத்த இறால் 1605இல் போகும், ஓட்டோடு வேகவைத்தது 0306இலேயே நிற்கும் என்பது புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். குளிர்ப்பெட்டி திறந்து கிடக்க, அதிகாரி கேள்வி கேட்க, வெளியே லாரி காத்திருக்கும்போது கற்றுக்கொண்டால் மறக்காது. 2011 முதல் இறக்குமதியாளரே தன் வரியைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. ஆகவே தப்பான கோடு (அந்த வகைப்பாட்டு எண்) போட்டால் பழி அதிகாரிக்கு இல்லை, தாக்கல் செய்தவர்களுக்குத்தான். இந்தப் பொறுப்பு ஒருவரை வேகமாக வளர்க்கிறது.

வக்கீல் தொழில்

டெல்டாவில் சட்டம் படிக்க இடங்களுக்குக் குறைவில்லை. திருச்சியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு. நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தஞ்சாவூரில் சாஸ்திராவிலும் சட்டப் படிப்பு உண்டு. தொலைநிலையில் படித்த எல்.எல்.பி.யை பார் கவுன்சில் ஏற்பதில்லை. ஆகவே பட்டத்துக்குப் பிறகு மூன்று வருட எல்.எல்.பி. என்றால் அந்த மூன்று வருடமும் வகுப்பில் இருந்தாக வேண்டும்; வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

சுங்க வழக்குக்கென்று தனி ஏணி உண்டு. குறைத்துக் கட்டிய வரியை ஏன் வசூலிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் வரும். சாதாரண வழக்கில் இரண்டு வருடத்துக்குள், ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகச் சொன்னால் ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் போய்க் கேட்கலாம். உத்தரவு வந்த பிறகு ஆணையர் நிலை மேல்முறையீட்டுக்கு 60 நாள். அடுத்தது செஸ்டாட் என்ற தீர்ப்பாயம். அதற்கு மூன்று மாதம். சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. எந்தத் தலைப்பில் வரும், எவ்வளவு மதிப்பு என்ற தகராறுகள் செஸ்டாட்டிலிருந்து உயர் நீதிமன்றத்தைத் தொடாமல் நேராக உச்ச நீதிமன்றம் போகின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான். சென்னையில் ஒரு ஜூனியர் எழுதுகிற குறிப்பு, அடுத்த படியிலேயே நாட்டின் கடைசி நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம்.

அந்தத் தகராறுகள் எவ்வளவு சாதாரணப் பொருளைப் பற்றியவை என்பதற்குத் தேங்காய் எண்ணெய் நல்ல சாட்சி. சின்னப் பாக்கெட்டில் விற்கிற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா? 1513ஆ 3305ஆ? கலால் வரி சார்ந்த அந்த வழக்கில் 2018இல் இரு நீதிபதிகள் மாறுபட்டார்கள். 2024 டிசம்பரில்தான் மூன்று நீதிபதிகள் அமர்வு, பாக்கெட் சிறியது என்பதாலேயே அது தலை எண்ணெய் ஆகிவிடாது என்று தீர்த்தது. இன்னொரு பக்கம், அதிகார வரம்பு. டிஜிட்டல் கேமரா பற்றிய கேனன் இந்தியா வழக்கில், நோட்டீஸ் அனுப்ப வருவாய்ப் புலனாய்வு இயக்ககமான டி.ஆர்.ஐ.யின் அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடு முழுக்க அவர்கள் அனுப்பிய நோட்டீஸ்கள் ஆட்டம் கண்டன. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் மறு ஆய்வில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் வாடிக்கையாளருக்கு என்ன ஆலோசனை சொல்வது? தீர்ப்பை நம்பிக் கோப்பை மூடியவர் ஒருவர், அதிகார வரம்பைத் தாண்டி, வரிக் கேள்விக்கே பதிலையும் தயாராக வைத்திருந்தவர் இன்னொருவர். பின்னவரிடம்தான் நான் ஜூனியராகச் சேரச் சொல்வேன்.

செஸ்டாட்டில் வக்கீல் மட்டும்தான் நிற்கலாம் என்றில்லை. சி.ஏ., காஸ்ட் அக்கவுன்டன்ட், சுங்கத் தரகர் ஆகியோரும் வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் வக்கீல் மட்டுமே. நம் பகுதிக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்கள் மதுரைக் கிளையின் கீழ் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால் எல்லாம் சென்னை. டெல்டா வாடிக்கையாளர்களை நம்பித் தொழில் நடத்த நினைப்பவர் இரண்டு ஊரிலும் கால் வைக்க வேண்டியிருக்கும்.

ஜூனியர் வாழ்க்கையின் முதல் மூன்று வருடம் பண விஷயத்தில் கிளியரிங் அலுவலகத்தைவிடவும் மோசமாக இருக்கலாம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஆங்கில வரைவு கூடுதல் சுமை. ஆனால் சுங்கச் சட்டத்தின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. ஒரே நூறு சொற்கள் திரும்பத் திரும்ப வருகிற ஆங்கிலம். அத்தியாயக் குறிப்புகளையும் பொருள் விளக்க விதிகளையும் தினம் இரண்டு பக்கம் கையால் எழுதிப் பழகினால் ஒரு வருடத்தில் பிடிபடும். மொழிக்குப் பயந்து இந்த வாசலை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆலோசனை நிறுவனம், கம்பெனிப் பிரிவு

நேராக இங்கே போனால் என்ன என்று கேட்பவர்கள் அதிகம். குளிர்சாதன அறை, நல்ல சம்பளம், வெளிநாட்டு வாடிக்கையாளர். டிலாய்ட், இ.ஒய்., பி.டபிள்யூ.சி., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களிலும் மறைமுக வரிப் பிரிவு உண்டு. லட்சுமிகுமாரன் அண்டு ஸ்ரீதரன் போன்ற சட்ட நிறுவனங்கள் இந்தத் துறையிலேயே பெயர் எடுத்தவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கார், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்குச் சுங்க விவகாரம் பார்க்கத் தனி ஆள்கள் வேண்டும்.

வேலையின் தன்மைக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2024 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இந்திய நிறுவனத்துக்கு 140 கோடி டாலர் கேட்டுச் சுங்கத் துறை நோட்டீஸ் அனுப்பியது. கிட்டத்தட்ட முழுக் காரையே பிரித்துப் பல சரக்குகளாக அனுப்பி, தனித்தனி உதிரிபாகம் என்று காட்டிக் குறைந்த வரி கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பிரித்த நிலையில் வரும் முழுக் காருக்கு 30 முதல் 35 சதவீதம், உதிரிபாகத்துக்கு 5 முதல் 15 சதவீதம். நிறுவனம் அதை மறுத்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஆர்டரை எப்படிப் பிரிப்பது, எந்தத் துறைமுகத்துக்கு எப்போது அனுப்புவது என்ற முடிவு, நோட்டீசுக்குப் பல வருடம் முன்பு ஏதோ ஒரு கூட்டத்தில் எடுக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, இதை இப்படிச் செய்தால் பிரச்சினை வரும், பிரித்த நிலையில் வந்தாலும் முழுப் பொருளாகவே வகைப்படுத்தச் சொல்லும் பொருள் விளக்க விதி 2(அ)வைப் பாருங்கள் என்று சொல்கிறவரே சுங்க ஆலோசகர்.

வாய்ப்பு பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு போட்டது அதே வருடம் டிசம்பர் 29 முதலும், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா கூட்டமைப்பு நாடுகளோடு போட்டது 2025 அக்டோபர் 1 முதலும் நடைமுறையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ‘எந்த நாட்டில் தயாரானது’ விதி. சான்றிதழ் மட்டும் போதாது, அதன் பின்னால் உள்ள தகவலும் இறக்குமதியாளரிடம் இருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரிலிருந்து இந்தியா கேட்கிறது. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரியில் முழு அமலுக்கு வந்தது. இதற்கெல்லாம் கணக்கும் சட்டமும் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆனால் பெரிய நிறுவனங்கள் புதியவர்களை எடுக்கும்போது சி.ஏ. முடித்தவர்களையும், பெயர் பெற்ற சட்டப் பல்கலைக்கழக மாணவர்களையும் முதலில் பார்க்கின்றன. சிறிய கல்லூரிப் பட்டத்தோடு அந்தக் கதவைத் தட்டுகிறவர் பெரும்பாலும் தரவு நிரப்பும் வேலையில் அமர்த்தப்படுகிறார். எக்செல் தாளில் கோடு ஒட்டிக்கொண்டே வருடங்கள் ஓடும். சரக்கையும் பார்த்திருக்க மாட்டார், நீதிமன்றத்தையும் பார்த்திருக்க மாட்டார். அதே ஆள் ஜி கார்டோடும் நான்கு வருட அனுபவத்தோடும் வந்தால் நேர்காணலின் தொனியே மாறுகிறது.

ஒரு சட்டச் சிக்கலையும் மறந்துவிடக் கூடாது. தொழில் நடத்தும் வக்கீல் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது, சொந்தமாக வியாபாரமும் நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எல்.எல்.பி. முடித்தவர் தரகர் தேர்வு எழுதத் தகுதியுள்ளவர்தான். ஆனால் உரிமம் எடுத்து அலுவலகம் திறந்தபடியே கறுப்பு அங்கியும் போட்டுக்கொள்ள முடியாது. கம்பெனியில் சேர்ந்தால் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கில் எல்.எல்.பி.யில் சேர்கிறவர்கள் இதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசுப் பணி

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். என்ற பட்டதாரித் தேர்வில் சரக்கைச் சோதிக்கும் எக்ஸாமினர், கடத்தலைத் தடுக்கும் பிரிவென்டிவ் ஆபீசர் பதவிகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு பட்டம் போதும், வயது வரம்பு 30. ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. உடல்தகுதித் தேர்வும் உண்டு. ஐ.ஆர்.எஸ். என்ற இந்திய வருவாய்ப் பணி என்றால் யு.பி.எஸ்.சி.; தொடக்கம் 56,100. நிலையான வருமானம் குடும்பத்துக்கு உடனே தேவை என்றால் இதற்கு ஈடு வேறெதுவும் இல்லை, தயங்க வேண்டாம். எக்ஸாமினராகச் சேர்ந்தவர் பார்க்கிற சரக்கின் அளவுக்குத் தரகர் ஒருவரும் பார்க்க முடியாது.

ஆனால் ஆலோசனைத் தொழிலுக்கான படிக்கட்டாக இதை நினைத்தால் அது நீளமான படிக்கட்டு. ஓய்வு பெற்ற பிறகு தரகர் உரிமம் பெறும் சலுகை, குரூப் ஏ நிலையில் ஐந்து வருடமாவது இருந்தவர்களுக்குத்தான். பணியிடமும் உங்கள் கையில் இல்லை. மும்பையிலோ கொல்கத்தாவிலோ பல வருடம் இருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

டெல்லி, ஜெனீவா

வணிகச் சட்டம் என்றால் உலக வர்த்தக அமைப்பில் நாடுகள் மோதுவதுதான் என்று நினைத்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஆசை நம் கடற்கரைக்கு அந்நியமானதில்லை. கடல் ஆமை சிக்காத வலை இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து சேர்ந்து வழக்காடின. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, அமல்படுத்திய விதத்தில் பாகுபாடு இருந்தது என்பது அதன் சாரம். கதை அங்கே முடியவில்லை. அமெரிக்கச் சான்று இல்லாததால் 2019 மே முதல் இந்தியாவில் கடலில் பிடித்த இறால் அங்கே போக முடியாமல் போனது. நாகப்பட்டினம் விசைப்படகுக்காரர் வலையில் விழுந்த இறாலின் விலையில் அந்தச் சட்டப் பிரிவு இருக்கிறது. வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துப் பண்ணை இறாலுக்கு வேறு சுமை: 2005 முதல் அமெரிக்காவின் பொருள் குவிப்புத் தடுப்பு வரி. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அங்கே கூடுதல் வரி 50 சதவீதமானபோது பண்ணைக்காரர்கள் அடுத்த குஞ்சு விடலாமா வேண்டாமா என்று தவித்தார்கள்.

ஆகவே இந்தச் சட்டம் நமக்குத் தேவை. ஆனால் இடங்கள் குறைவு. வெளிநாட்டுப் பொருள் மலிவாகக் குவிவதைத் தடுக்கும் வழக்குகளை நடத்தும் டி.ஜி.டி.ஆர். டெல்லியில்தான் இருக்கிறது. இந்திய வெளிநாட்டு வணிகக் கழகத்தை ஒட்டி அரசு நடத்தும் வணிக, முதலீட்டுச் சட்ட மையமும் அங்கேதான். ஜெனீவாவில் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. பெர்ன், பார்சிலோனா என்று எல்.எல்.எம். படிக்கக் கடன் வாங்குவதற்கு முன் டெல்லியில் இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் சுங்கத் தரகராகலாம் என்று யாராவது சொன்னால், அந்த உரிமத்துக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். துபாய், சிங்கப்பூரில் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது எத்தனை வருடம் கிளியரன்ஸ் பார்த்தாய் என்றுதான்.

ஊரில் இருந்தே செய்யலாமா?

நம் பகுதியில் இந்தக் கேள்வி கேட்காமல் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முகம் பார்க்காத மதிப்பீட்டு முறை தொடங்கியது. அந்த வருடக் கடைசிக்குள் நாடு முழுக்க வந்தது. சென்னையில் இறங்குகிற சரக்கின் பில்லை வேறோர் ஊர் அதிகாரி பார்க்கிறார். தாக்கல் ஐஸ்கேட் என்ற சுங்கத் துறை இணையத் தளத்தில், விசாரணை பல நேரம் காணொளியில். காரைக்கால் துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. திருச்சியில் சுங்க ஆணையரகமும் பன்னாட்டு விமான நிலையமும் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்கள்.

எனவே பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு கும்பகோணத்தில் உட்கார்ந்து இந்தத் தொழிலை நடத்த முடியும். சிலை ஏற்றுமதி செய்யும் ஸ்தபதிக்கும், திருபுவனம் பட்டு நெசவாளர் சங்கத்துக்கும், இறால் பண்ணைக்காரருக்கும் இன்று இப்படி ஓர் ஆள் பக்கத்தில் இல்லை. யாரோ சென்னையில் போட்டுக் கொடுத்த கோடையே வருடக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அந்த இடைவெளி உண்மையானது. எனக்கு இதில் அக்கறை வந்ததே அதனால்தான். ஆனால் முதல் ஐந்து வருடத்தை ஊரில் கழித்துவிட்டு இது நடக்காது. துறைமுகத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

யாருக்கு எது

பி.காம். முடித்து இந்த வருடமே சம்பாதிக்க வேண்டியவர் என்றால் தூத்துக்குடி அல்லது சென்னையில் கிளியரிங் அலுவலகத்தில் சேர்ந்து ஜி கார்டு எடுங்கள், சி.ஜி.எல். தேர்வையும் கூடவே எழுதுங்கள், இரண்டுக்கும் பகை இல்லை. ஜி கார்டு கிடைத்து இரண்டு வருடத்தில் உரிமத் தேர்வுக்கு உட்காரலாம்.

மூன்று வருடம் வீட்டில் தாங்குவார்கள் என்றால் எல்.எல்.பி.தான் என் தேர்வு. ஐந்து வழிகளில் மற்ற எல்லாவற்றுக்கும் கதவு திறக்கிற தகுதி அது ஒன்றுதான்: தரகர் தேர்வு எழுதலாம், செஸ்டாட்டில் நிற்கலாம், உயர் நீதிமன்றத்தில் நிற்கலாம், பதிவை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்கும் போகலாம். விடுமுறைகளில் கன்டெய்னர் யார்டில் நில்லுங்கள். முடித்ததும் சுங்க வழக்கு பார்க்கிற சீனியரிடம் மூன்று வருடம் இருங்கள். ஆலோசனை நிறுவனம் அதற்குப் பிறகு.

சி.ஏ. இடைநிலை தாண்டிவிட்டவர் சட்டத்துக்குத் தாவ வேண்டாம். முடித்துவிட்டு மறைமுக வரிப் பிரிவில் சேர்வதே குறுக்கு வழி. மதிப்பீட்டுத் தகராறுகளில், குறிப்பாகத் தாய்க் கம்பெனியிடமிருந்து வாங்கும் பொருளின் விலை பற்றியவற்றில், கணக்குத் தெரிந்தவர் கை ஓங்கியிருக்கும்.

டிப்ளமா படிப்புகள் பற்றி ஓர் எச்சரிக்கை. சுங்கம், லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர் போட்டு வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய கட்டணம் வாங்குகிற இடங்கள் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் முளைத்திருக்கின்றன. விதியில் சொல்லியிருப்பது அரசு அங்கீகரித்த நிறுவனம் அல்லது பல்கலைக்கழகத்தின் டிப்ளமா. அந்த அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். அதே தொகையில் சென்னையில் அறை வாடகை கொடுத்து, எச் கார்டில் பல மாதம் வேலை கற்றுக்கொள்ளலாம்.